புளோக் படிக்கட்டிலிருந்து கினபாலு வரை: ஏழு நாள் குறிப்பு

நாள் 1: புதன், அங் மோ கியோ, சிங்கப்பூர்

வெள்ளிக்கிழமை காலை மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலு மலைக்குக் கிளம்புகிறோம். ஐந்து பேர், கூட நான். இன்று கடைசிப் படிக்கட்டுப் பயிற்சி. எழுதும் பழக்கம் விட்டுப்போய் நாளாகிவிட்டது. இந்தப் பயணத்தில் தினமும் இரவு ஏதாவது எழுதிப் போடுகிறேன் என்று டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

டீச்சர், தொடக்கநிலை நான்கில் எனக்குத் தமிழ் எடுத்தவர். இப்போது 63 வயது. போன வருஷம் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கும்போது என்னைப் பார்த்து, "நீ மலைக்கெல்லாம் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறியாமே தம்பி, என்னையும் சேர்த்துக்குவியா?" என்று கேட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் தண்ணீர்ப் புட்டியோடு நின்றார். அதிலிருந்து பத்து மாதம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

மற்ற நால்வர்: தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் அண்ணன், கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி, மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அக்கா, அவர் மகன். பையன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு.

மலை இல்லாத ஊரில் மலை வழிகாட்டிக்கு என்ன வேலை என்று கேட்காதவர் கிடையாது. டாக்ஸியில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், பெண் பார்க்கப் போன வீட்டில் என் மாமனாரும் கேட்டார். என் வேலையில் முக்கால்வாசி இந்த ஊரிலேயே நடக்கிறது. மலையில் நடப்பது மிச்சம் கால்வாசிதான்.

எங்கள் புளோக் 25 மாடி. மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கீழிருந்து மேல்மாடிவரை 24 மாடி ஏற்றம், 67 மீட்டர். கினபாலுவில் ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது, இரவு தங்கும் பானலாபான் 3,272 மீட்டரில். அதாவது முதல் நாள் ஏற்றம் மட்டும் இந்த புளோக்கை 21 தடவை ஏறுவதற்குச் சமம். இந்தக் கணக்கைச் சொன்னதும் எல்லாரும் ஏறுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நான் கவலைப்படுவது இறக்கத்தைப் பற்றி. உச்சி 4,095 மீட்டர். அங்கிருந்து வாசல்வரை 2,229 மீட்டரையும் ஒரே நாளில் இறங்க வேண்டும். இதே புளோக்கை 33 தடவை இறங்குவது போல, அதுவும் சரியாகத் தூங்காத கண்ணோடு.

இங்கே படிக்கட்டுப் பயிற்சி செய்கிறவர்கள் நிறைய. ஆனால் மேலே போனதும் லிஃப்ட்டில் இறங்கி, மறுபடி ஏறுவார்கள். நேரம் மிச்சமாகிறது, மூட்டுக்கும் நல்லது என்பார்கள். மலையில் லிஃப்ட் கிடையாது. இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அந்த வேலைக்குப் பழகாத தொடை நாலாவது கிலோமீட்டரில் நடுங்க ஆரம்பிக்கும். நடுங்குகிற காலோடு ஈரப் படியில் கால் வைத்தால் சறுக்காமல் என்ன செய்யும்? அதனால் என் குழுவுக்கு முதல் விதி, லிஃப்ட் பட்டனைத் தொடக்கூடாது. எட்டு கிலோ முதுகுப்பையோடு ஏறு, அதே பையோடு இறங்கு. பூக்கடை அண்ணன் பைக்குள் அரிசி மூட்டை வைத்துக்கொண்டு வருவார். இன்று எட்டு தடவை ஏறி இறங்கினோம். எட்டாவது இறக்கத்திலும் டீச்சர் கால் நேராக விழுந்தது. அதைப் பார்த்ததும் மனசுக்குத் தெம்பாக இருந்தது.

அப்புறம் காலணி. எல்லாருடைய காலணியையும் கீழ்த்தளத்துக் கல்மேசையில் வரிசையாக வைக்கச் சொல்லி, அடித்தட்டுக்கும் மேல்தோலுக்கும் நடுவில் இருக்கும் மெத்தைப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நம் ஊர் ஈரக்காற்று அந்த மெத்தையை உள்ளுக்குள்ளேயே சிதைத்துவிடும். பாலியூரித்தேன் என்ற பொருள் அது. ஈரத்தோடு வினைபுரிந்து வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல உதிரும். போடாமல் அலமாரியில் பத்திரமாக வைத்த காலணிதான் இதில் மோசம், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். ஐந்து சோடியும் நன்றாக இருந்தன. பையன் கொண்டுவந்தது சாதாரண ஓட்டக் காலணி. பிடிப்பு இருந்தது, போதும் என்றேன்.

நாள் 2: வியாழன், புக்கிட் தீமா

காலை ஏழு மணிக்கு இயற்கை வனப்பகுதி திறந்ததும் உள்ளே போய்விட்டோம். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கைக் குன்று இது, 163 மீட்டர் சொச்சம். நாளை விமானம் இருக்கும்போது இன்று யாரையும் களைப்பாக்க எனக்கு விருப்பமில்லை. கால்களுக்கு மலை வேகத்தை நினைவுபடுத்துவதற்காக ஒரே ஒரு சுற்று.

மலை வேகம் என்றால் மெதுவான நடை. பின்னங்காலை நேராக நீட்டி, எடை முழுவதையும் எலும்பின்மேல் வைத்து, ஒரு நொடி நின்று, அப்புறம் அடுத்த அடி. அந்த ஒரு நொடியில் தசைக்கு ஓய்வு கிடைக்கிறது. வாயைத் திறக்காமல் மூக்கால் மூச்சுவிட்டு நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று சொல்லிக் கொடுப்பேன். தார்ச்சாலை ஏற்றத்தில் ஓட்டப் பயிற்சிக்காரர்கள் சடசடவென்று எங்களைத் தாண்டிப் போனார்கள். புதுக்கோட்டைத் தம்பிக்கு இந்த மெதுநடைதான் கஷ்டம். கப்பல் பட்டறையில் ஓடி ஓடிப் பழகிய உடம்பு. "அண்ணே, எறும்பு முந்துது" என்றார். எறும்பு முந்தட்டும் தம்பி.

அங்கிருந்து டேரி ஃபார்ம் பக்கம் இறங்கி, பழைய கல்குவாரிக்குப் போனோம். இயற்கைப் பாறையில் கயிறு கட்டிப் பழக சிங்கப்பூரில் அந்த இடத்தை விட்டால் வேறு இல்லை. கினபாலுவின் மேல்பகுதியில் பாறைச் சரிவோடு கட்டப்பட்ட வெள்ளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய இடங்கள் உண்டு. கயிற்றை எப்படிப் பிடிப்பது, உடம்பைப் பாறையோடு ஒட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் வெளியே சாய்த்து முழுப் பாதத்தையும் எப்படிப் பதிப்பது என்று ஒருமுறை காட்டினேன். பயந்தவர்கள் பாறையைக் கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொண்டால் கால் வழுக்கும்.

இரண்டும் கருங்கல் பாறைதான். ஆனால் புக்கிட் தீமாவின் கல் 20 கோடி ஆண்டுகளுக்கும் பழையது. கினபாலுவின் கல் பூமிக்கடியில் உறைந்து 70, 80 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. நம் குன்று தேய்ந்து தேய்ந்து குள்ளமான கிழவன், அந்த மலை இளந்தாரி. டீச்சருக்கு இது பிடித்துப்போய், குவாரிச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "தாத்தாவுக்கு ஒரு வணக்கம்" என்றார்.

இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று பையன் கேட்டான். 1998 மே 25ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் எவரெஸ்ட் குழு உச்சியைத் தொட்டது. எனக்கு அப்போது 14 வயது. அவர்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் பழகினார்கள் என்று கேள்விப்பட்ட அன்று மாலையே எங்கள் புளோக்கில் ஏறினேன். 11ஆம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன். தேசிய சேவை முடித்து, புலாவ் உபின் தீவில் மாணவர் முகாம்களில் பயிற்றுநராக இருந்து, காசு சேர்த்து, டார்ஜீலிங் இமாலய மலையேற்றக் கழகத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி எடுத்தேன். பனியில் கோடாலியை ஊன்றி விழுகிற உடம்பை நிறுத்துவதை முந்நூறு தடவையாவது செய்யவைத்தார்கள். பிறகு நேபாளத்தில் சில வருஷம் பெரிய குழுக்களுக்கு உதவியாளன். 2012 மே மாதம் நம் டாக்டர் குமரன் ராசப்பன் எவரெஸ்ட் ஏறிய செய்தி வந்தபோது, என் அம்மா முதல் தடவையாக, "நீயும் இந்த மாதிரி வேலைதான் செய்யுறியா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

வருமானம் இன்னமும் மழைமாதிரிதான். வருஷத்தில் ஐந்தாறு பயணம் கிடைக்கும், மிச்ச நாளில் உள்ளரங்கச் சுவரில் ஏறக் கற்றுக்கொடுக்கிறேன், பள்ளி முகாம்களுக்குப் போகிறேன். என் மனைவியின் சம்பளம்தான் வீட்டுக்கு அஸ்திவாரம். இதை மறைக்க ஒன்றுமில்லை.

நாள் 3: வெள்ளி, சாங்கியிலிருந்து கினபாலு அடிவாரம்

இரண்டரை மணி நேர விமானம். கோத்தா கினபாலுவில் இறங்கி வேனில் இரண்டு மணி நேரம். இப்போது 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் ஊட்டி குளிர். பூக்கடை அண்ணன் கம்பளித் தொப்பியோடு சாப்பிட்டார்.

சபாவுக்கு வரும்போதெல்லாம் எனக்குள் ஒரு கனம் இருக்கும். 2015 ஜூன் 5ஆம் தேதி காலை ஏழேகால் மணிக்கு இந்த மலையை 6.0 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. 18 பேர் இறந்தார்கள். அதில் 10 பேர் சிங்கப்பூரிலிருந்து போன ஒரே தொடக்கப்பள்ளிக் குழு: 7 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள், கூடப் போன வழிகாட்டி ஒருவர். அந்த வழிகாட்டிக்கு 22 வயது. ஜூன் 8ஆம் தேதி சிங்கப்பூர் முழுக்கக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அன்று நான் உபினில் ஒரு முகாமில் இருந்தேன். கயிறு சுருட்டிக்கொண்டிருந்த என் சக பயிற்றுநர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு மேலே 137 பேர் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் மேகத்தில் இறங்க முடியவில்லை. உள்ளூர் வழிகாட்டிகள், அவர்களில் பெரும்பாலும் சபாவின் பூர்வகுடிகளான டூசுன் மக்கள், பாறை உருண்டுகொண்டிருக்கும் வழியிலேயே இரவில் அத்தனை பேரையும் நடத்தியும் சுமந்தும் இறக்கினார்கள். வழிகாட்டிகளிலும் உயிர்விட்டவர்கள் உண்டு. 'மாலிம் குனோங்' என்று மலாயில் அவர்களைச் சொல்வார்கள். கினபாலுவில் அவர்கள் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. ஐந்து பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது விதி. நாங்கள் ஆறு பேர், அதனால் இருவர் வருகிறார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், இந்த மலையில் முப்பது வருஷம் நடந்தவர். இன்னொருவர் அவர் தங்கை மகள். சிங்கப்பூரில் என்னை வழிகாட்டி என்கிறார்கள். அவர் நிற்கும் இடத்தில் நான் மாணவன்தான்.

அவர் சொன்னது: இறந்த முன்னோரின் ஆவிகள் இந்த மலையில் தங்குகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. மேலே கத்துவது, மலையைக் கேலி பேசுவது கூடாது. டீச்சர் உடனே புரிந்துகொண்டார். "குன்று இருக்கிற இடத்துல எல்லாம் குமரன் இருக்கான்னு நாம சொல்றதில்லையா, அதே மரியாதைதான்" என்றார்.

நாள் 4: சனி, பானலாபான், 3,272 மீட்டர்

படுக்கையில் இருந்தபடி எழுதுகிறேன். சிக்னல் வந்தால் போகும்.

காலை எட்டரைக்கு வாசலைத் தாண்டினோம். ஆறு கிலோமீட்டர், ஏழரை மணி நேரம். முதலில் கொஞ்சம் இறக்கம், ஓர் அருவி, அப்புறம் ஏற்றம் ஏற்றம் ஏற்றம். மரவேரும் கல்லும் கலந்த படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். புளோக் படிக்கட்டில் இது ஒன்றைத்தான் பழக முடியாது. "பெலான் பெலான்" என்பதே வழிகாட்டிப் பெரியவரின் தாரக மந்திரம். மெதுவா மெதுவா.

மேலே போகப் போக மரம் குட்டையாகி, பாசி பிடித்து, கடைசியில் ஆள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. எதிரே சுமைதூக்கிகள் இறங்குகிறார்கள், பின்னாலிருந்தும் முந்துகிறார்கள். நெற்றியில் பட்டை போட்டு முதுகில் எரிவாயு சிலிண்டர் சுமந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மேலே நாம் குடிக்கும் ஒவ்வொரு கோப்பைத் தேநீரும் அப்படித்தான் வருகிறது. நம் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது எனக்குப் பெருமை.

நாலாவது கிலோமீட்டர் தாண்டியதும் பையன் என்னைக் கூப்பிட்டான். வலது காலணியின் அடித்தட்டு முன்னால் வாய் பிளந்திருந்தது. புதன்கிழமை நான் பார்த்த காலணி இல்லை அது. கணுக்காலை மூடுகிற பழைய மலைக்காலணி. "மாமாவோடதுங்கண்ணே. ஒன்பது வருஷம் ஆச்சாம், ரெண்டு தடவைதான் போட்டாராம். மலைக்கு இதுதான் சரின்னு கொடுத்தாரு."

உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். மெத்தை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுபிசுத்தது. விரல் பட்டதும் ஈரம் பட்ட வெல்லம் மாதிரி உதிர்ந்தது. இடது காலணியை அழுத்தினேன், கட்டைவிரல் உள்ளே போனது. அதுவும் இன்னும் அரைமணி நேரம்தான். காலையில் வாசலில் எல்லாருடைய பையையும் பார்த்தேன், முழங்கால் பட்டையைப் பார்த்தேன், காலணியை மறுபடி பார்க்கவில்லை. புறப்படும் அன்று பார்க்காத சோதனை சோதனையே இல்லை. தவறு என்னுடையது.

என் ஊன்றுகோலில் எப்போதும் இரண்டு மீட்டர் துணி ஒட்டுப்பட்டை சுற்றி வைத்திருப்பேன். அதை உரித்து, பாதத்துக்குக் குறுக்கே மூன்று சுற்று, குதிகாலுக்குப் பின்னால் எட்டு வடிவத்தில் ஒரு சுற்று. கேபிள் டை இரண்டு போட்டு இறுக்கி, வெட்டிய முனையைத் தீக்குச்சியால் சுட்டு மழுக்கினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போலவே பட்டையின் ஓரத்தைத் தடவித் தடவி ஒட்டினார். மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. மிச்ச இரண்டு கிலோமீட்டர் அந்தக் கட்டோடு வந்தான்.

பானலாபான் வந்ததும் இளைய வழிகாட்டி காணாமல் போனார். பத்து நிமிடத்தில் கையில் ஒரு சோடி கறுப்பு ரப்பர் காலணியோடு வந்தார், சமையலறையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கடன். 'அடிடாஸ் கம்போங்' என்று இங்கே செல்லப்பெயர். ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் போடுவது. விலை கொஞ்சம்தான், அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு. சுமைதூக்கிகள் பலரும் அதில்தான் நடக்கிறார்கள். பையனுக்குக் காலுறை இரண்டு போட்டதும் கச்சிதமாக இருந்தது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி எல்லாருக்கும் பார்த்தேன். 91, 89, 90, 88, டீச்சருக்கு 86. இந்த உயரத்தில் 80களின் பிற்பாதி சாதாரணம், எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு எடுப்பதில்லை. "தலை வலிக்குதா டீச்சர்?" "லேசா." "சாப்பிட்டீங்களா?" "சூப் குடிச்சேன் தம்பி." சூப் மட்டும். அதை மனசில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு எழ வேண்டும்.

நாள் 5: ஞாயிறு, அடிவாரம், இரவு

நால்வர் உச்சியைத் தொட்டார்கள். டீச்சரும் நானும் தொடவில்லை. எல்லாரும் பத்திரம்.

இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். நட்சத்திரம் தெளிவாக இருந்தது, காற்று மட்டும் ஊசி. மரப்படி முடிந்து, வெள்ளைக் கயிறு ஆரம்பிக்கும் பாறைச் சரிவு. டீச்சர் எனக்கு முன்னால். கயிற்றை அழகாகப் பிடித்தார். ஆனால் வழக்கமாக ஏதாவது பேசிக்கொண்டே வருகிறவர் பேசவில்லை. நான் கேட்டால் மட்டும் பதில். பிறகு கேட்டதற்கும் இரண்டு நொடி தாமதமாகப் பதில். சயாட் சயாட் சோதனைச் சாவடி 3,668 மீட்டரில் இருக்கிறது. அங்கே கழுத்து அட்டையைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். அவர் அட்டை கழுத்தில் தொங்குகிறது, சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தார்.

தலைவிளக்கை அவர் முகத்தில் படாமல் தாழ்த்திக்கொண்டு சொன்னேன், "டீச்சர், இந்தப் பலகை விளிம்போட ஒரு பத்து அடி நடங்க. ஒரு காலோட குதிகால் அடுத்த கால் பெருவிரலைத் தொடணும்." புக்கிட் தீமாவில் எல்லாருக்கும் இதைச் செய்து காட்டியிருக்கிறேன், அவருக்கும் எதற்கென்று தெரியும். முதல் அடி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் உடம்பு இடது பக்கம் சாய்ந்து, கால் பலகையை விட்டு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடி மூன்றாவது அடி.

தலைவலி மட்டும் என்றால் நின்று, தண்ணீர் குடித்து, பார்க்கலாம். நடை தள்ளாடினால் பேச்சே கிடையாது. உயரத்தில் மூளை வீங்க ஆரம்பிக்கும்போது முதலில் கெடுவது நடைதான். மாத்திரை எல்லாம் அதற்குப் பிறகு. முதல் மருந்து கீழே இறங்குவது, உடனே.

"இறங்கலாம் டீச்சர்."

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"நானூறு மீட்டர் உயரம் இருக்கு."

"பத்து மாசம் தம்பி."

எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. எத்தனையோ பேரைத் திருப்பியிருக்கிறேன். கோபப்பட்டவர்கள் உண்டு, கட்டிய காசைத் திருப்பிக் கேட்டவர்கள் உண்டு, நேபாளத்தில் ஒருவர் என் சட்டையைப் பிடித்திருக்கிறார். எனக்கு 'அ' போட்டுக் காட்டியவர் இல்லை என்றாலும், ஒற்று மிகும் இடம் எது, மிகாத இடம் எது என்று சொல்லிக் கொடுத்தவர். அவரிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குப் பத்து மாதமாகத் தெரியும். தெரிந்தே இருந்தாலும் வாய் வருவது கஷ்டம்.

"என் பேச்சைக் கேட்கிறதா முதல் நாளே சொல்லியிருக்கீங்க" என்றேன். அவர் ஒரு நிமிடம் இருட்டைப் பார்த்தார். அப்புறம் ஊன்றுகோலைச் சுருக்கித் தானே பையில் சொருகினார், கயிற்று இறக்கத்துக்கு இரண்டு கையும் வேண்டும் என்று. அந்த நிலையிலும் பயிற்சி மறக்கவில்லை.

பெரியவரிடம் இரண்டு வாக்கியம் பேசினேன். மற்ற நால்வரையும் அவர் கூட்டிப்போவது என்று முடிவு. குழுவைச் சேர்த்தவன் நான், மேலே போக வேண்டியவன் நான்தானே என்று யாருக்காவது தோன்றலாம். நன்றாக இருக்கும் நால்வருக்கு என்னைவிட அவர் நல்ல துணை. உடம்பு சரியில்லாத ஒருவருக்குப் பழகிய குரல் வேண்டும். இளைய வழிகாட்டி முன்னால், டீச்சர் நடுவில், நான் பின்னால். அவர் முதுகுப்பைப் பட்டையை ஒரு கையால் பிடித்தபடியே பாறைச் சரிவு முழுவதும் இறங்கினேன். அக்கா தன் கையுறைமேல் போடும் கனத்த உறையைக் கழற்றி டீச்சர் கையில் மாட்டிவிட்டுத்தான் மேலே போனார்.

இறக்கத்தில் அவர் கால் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. மூளை தடுமாறும்போதும் தொடைக்குத் தன் வேலை தெரிந்திருந்தது. பானலாபானுக்கு நூறு மீட்டர் மேலே இருக்கும்போதே, "இந்தப் படி ஏறும்போது இவ்வளவு உயரமாவா இருந்துச்சு?" என்று கேட்டார். அவராகக் கேட்ட முதல் கேள்வி. சாப்பாட்டுக்கூடத்துத் தரையில் குதிகால் விரல் நடை மறுபடி வைத்தேன், பத்து அடியும் நேர்க்கோடு. தேநீரும் ரொட்டியும் உள்ளே போயின. ஆறு மணிக்கு வெளித்திண்ணைக்கு வந்து, கீழே மேகக்கடலுக்கு மேல் வெளிச்சம் பரவுவதைப் பார்த்தோம். நேரம் போவது தெரியாமல் அவர் என் வகுப்பில் படித்த மற்றப் பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டரைக்கு மற்றவர்கள் வந்தார்கள். ரப்பர் காலணிப் பையன் முதல் ஆள். உச்சியில் எடுத்த படத்தில் நால்வரும் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் பேனாவால் 'டீச்சர்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கையெழுத்து மோசம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு வாசல்வரை ஆறு கிலோமீட்டர் இறக்கம். மழை பிடித்துக்கொண்டது. புதுக்கோட்டைத் தம்பிக்கு முழங்கால் வலி, அண்ணனுக்கு நகம் கறுத்துவிட்டது. இவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

நாள் 6: திங்கள், கோத்தா கினபாலு

தூக்கம், மீன், மறுபடி தூக்கம். ரப்பர் காலணியை நேற்றே கீழே வரும் சுமைதூக்கி ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டோம், கூட ஒரு புதுச் சோடிக்கான காசும். பெரியவரிடம் விடைபெறும்போது, சாவடியில் நான் எடுத்த முடிவு சரிதானா என்று கேட்டேன். தான் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, கயிற்றுப் பாதையிலேயே திருப்பியிருப்பேன் என்றார். டீச்சர் பேசாமல் வந்ததை அவரும் கவனித்திருக்கிறார். எந்த வளைவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

நாள் 7: செவ்வாய், அங் மோ கியோ

நேற்று இரவு வீடு வந்து சேர்ந்தோம். காலையிலிருந்து தாழ்வாரத்தில் கயிறு, மழைச்சட்டை, கூடாரத் துணி எல்லாம் மூங்கில் கழியில் காய்கின்றன. எதையும் ஈரமாக உள்ளே வைக்கக்கூடாது, இந்த ஊரில் இரண்டே நாளில் பூஞ்சை. என் குறிப்பேட்டில் அடுத்த குழுவுக்கு இரண்டு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்று: வாசலில், போட்டிருக்கும் காலணியை அழுத்திப் பார். இன்னொன்று: பேச்சு நின்றால் அங்கேயே நிறுத்து, சாவடிவரை காத்திருக்காதே.

டீச்சர் நேற்று விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே மருத்துவரிடம் போயிருக்கிறார், அக்காதான் அழைத்துப்போனார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். இன்று மதியம் குரல்செய்தி அனுப்பினார். வீடு ஒன்பதாம் மாடி. காலையில் சந்தைக்குப் போகப் பழக்கதோஷத்தில் படிக்கட்டிலேயே இறங்கிவிட்டாராம், வலது முட்டி கொஞ்சம் பேசுகிறதாம்.

உடனே அழைத்தேன். "ரெண்டு நாளைக்கு லிஃப்ட்டிலேயே போங்க டீச்சர்."

"நீதானே பட்டனைத் தொடக்கூடாதுன்ன?"

"இப்ப நான்தான் தொடச் சொல்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"சரி" என்றார். மீன் அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.